ஹீட்டருக்கு மின்தடை குறைவு

ஹீட்டர் ஏன் சூடாகிறது என்று கேட்டால், பள்ளியில் அறிவியல் படித்தவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில்: அதன் காயிலுக்கு மின்தடை அதிகம். வீட்டு மின்சாரத்தைப் பொறுத்தவரை இது உண்மைக்கு நேர் எதிரானது. கணக்கை எவரும் போட்டுப் பார்க்கலாம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். வோல்ட்டை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. 2000 வாட் கீசர் இழுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர், அதன் மின்தடை 26 ஓம் சொச்சம். எரிந்துகொண்டிருக்கும் 100 வாட் குண்டு பல்புக்கோ 529 ஓம். பல்பின் மின்தடை கீசரைப்போல் 20 மடங்கு. அது எடுத்துக்கொள்ளும் திறன் 20-ல் ஒரு பங்கு.

தேர்வில் ஒரு மதிப்பெண் போவதோடு இந்தப் பிழை நின்றிருந்தால் விட்டுவிடலாம். கரண்ட் அடுப்பின் காயில் அறுந்தால், கருகிய துண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்து முறுக்கி மாட்டும் வழக்கம் இருக்கிறது. கம்பி குட்டையானால் மின்தடை குறையும், அடுப்பு சற்று மந்தமாக எரியும், அவ்வளவுதான் என்ற தைரியத்துக்கு அந்தப் பள்ளிப்பாடமே துணை. 1000 வாட் காயிலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். 53 ஓம் 42 ஆகிறது, 4.3 ஆம்பியர் 5.4 ஆகிறது, திறன் 1250 வாட்டுக்கு ஏறுகிறது. 5 ஆம்பியர் பிளக்குக்குள் அடங்கியிருந்த அடுப்பு அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. முன்பைவிடக் குட்டையான கம்பி முன்பைவிட அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் சீக்கிரமே மறுபடி அறுகிறது. மறுபடி கிள்ளினால் திறன் இன்னும் ஏறும்.

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் என்று ஜூல் 1841-லேயே காட்டிவிட்டாரே என்பார்கள். விதி சரிதான், மின்தடை கூடும்போதும் மின்னோட்டம் அப்படியே இருக்கும் என்று நாமாகச் சேர்த்துக்கொண்டதுதான் தவறு. வீட்டில் மாறாமல் நிற்பது மின்னழுத்தம். மின்தடையை இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் பாதியாகும், அதன் வர்க்கம் காலாகும். இருமடங்கு மின்தடையால் பெருக்கிய பிறகும் மிஞ்சுவது பாதி வெப்பம்தான். அப்படியானால் தாமிரத்தை விட்டுவிட்டு நிக்ரோமை ஏன் சுற்றுகிறார்கள்? அதே நீளமும் கனமும் உள்ள தாமிரக் கம்பியைச் செருகினால் மின்தடை அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே போய், ஃபியூஸ் உடனே எரிந்துவிடும். வேண்டிய 26 ஓமையோ 53 ஓமையோ கைக்கு அடக்கமான நீளத்தில் தருவதும், செக்கச்சிவக்கக் காய்ந்தாலும் எளிதில் அரிக்கப்படாததும் நிக்ரோமின் குணங்கள்.

லூஸ் கனெக்‌ஷனில் பிளக் கருகுகிறதே, அங்கே மின்தடை கூடியதால்தானே சூடு என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆம், அங்கே அதுதான் காரணம். ஆனால் அந்தத் தளர்ந்த இணைப்பு கீசரோடு ஒரே வரிசையில் இருக்கிறது. மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கீசர். பின்னில் 1 ஓம் சேர்ந்தால் மின்னோட்டம் 8.4 ஆம்பியருக்குத்தான் இறங்கும். அந்தச் சிறு இடத்தில் மட்டும் 70 வாட் வெப்பம் குவியும். பிளாஸ்டிக் உருக அது தாராளமாகப் போதும். அங்கேகூட மின்தடை ஏற ஏறச் சூடு ஏறிக்கொண்டே போவதில்லை. கீசரின் 26 ஓமைத் தொடும்போது உச்சத்துக்குப் போய், அதற்குமேல் இறங்கத் தொடங்கும். கம்பி முழுவதுமாகக் கழன்றுவிட்டால் மின்தடைக்கு எல்லையே இல்லை. பின்னில் சூடும் இல்லை.