பையன் யார் பேச்சைக் கேட்கிறான்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிறவர்களே கொஞ்சம் பேர். வந்தாலும் மார்க்கைக் கேட்போம், கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்போம், கிளம்பிவிடுவோம். போன முறை டீச்சர், "பசங்க போன்ல என்ன பார்க்கிறாங்கன்னு கொஞ்சம் கவனிங்க" என்றார். உடனே ஒரு அப்பா எழுந்து, "ரீசார்ஜ் பண்றதே நான்தான் மேடம், எனக்குத் தெரியாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரையும் சிரித்தவர்களையும் கேட்கிறேன்: உங்கள் பையன் நேற்று ராத்திரி யார் பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கினான்? பேர் சொல்லுங்கள், பார்ப்போம்.

தெரிய வாய்ப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் வரை நம் குடித்தனமே ஷிப்ட்டுக்குக் கட்டுப்பட்டது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் விடிவதற்குள் கம்பெனி பஸ். நைட் என்றால் பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம். நடுவில் ஓ.டி. பிள்ளை ஏதோ பேச வந்தால் "அப்புறம் பேசலாம்டா". அவனும் எத்தனை நாள்தான் காத்திருப்பான்? பேசுவதற்கு ஆயிரம் பேர் போனில் இருக்கிறார்கள்.

அப்படிப் போனில் பேசியவர்களில் ஒருவர் ஸஹ்ரான் ஹாஷிம், ஞாபகம் இருக்கிறதா? இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஓட்டல்கள் மூன்று. 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஷங்ரி-லா ஓட்டலில் குண்டோடு போய்த் தானும் செத்தவர் இந்தக் காத்தான்குடிக்காரர். அவர் பிரசங்கம் செய்தது நம் தமிழில். யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் அவர் போட்டதைக் கடலுக்கு இந்தப் பக்கமும் கேட்டார்கள். அந்த ஜூனில் என்ஐஏ கோவையில் சோதனை போட்டு, ஸஹ்ரானின் ஃபேஸ்புக் நண்பர் என்று ஒருவரைக் கைது செய்தது. அந்த வருடம் விசாரிக்கப்பட்டவர்களில் ஜமேஷா முபின் என்ற இன்ஜினியரிங் பட்டதாரியும் உண்டு. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில், கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் எதிரே கார் வெடித்துச் செத்தவர் அவர்தான்.

முதல் நாளே "குண்டு வை" என்றிருந்தால் ஸஹ்ரானை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் முதலில் பாய்ந்தது சர்ச் மேல் இல்லை, சொந்த ஊரில் சொந்த மதத்துக்காரர்கள் மேல். காத்தான்குடியில் சூஃபி வழியில் இருந்த முஸ்லிம்களை வழிகெட்டவர்கள் என்று மைக் வைத்துத் திட்டினார். 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் சூஃபிகளோடு மோதி, சிலர் கைதாகி, அவர் தலைமறைவானார். பெற்றோர்கள் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இந்த மாதிரிப் பேச்சு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதல் அடி பாட்டிக்குத்தான். "நாகூர் தர்காவுக்குப் போறது ஷிர்க்கு, அல்லாவுக்கு இணை வைக்கிற பாவம், இனிமே போகாதே நன்னி" என்பான் ஒரு வீட்டுப் பையன். அடுத்த தெருவில் வேறொரு பேச்சாளரைக் கேட்டவன், "கோவளம் தர்காவுல எதுக்குக் கயிறு கட்டின, நீ இந்துவா இல்லையா?" என்று தன் ஆயாவை மிரட்டுவான். இந்த இரண்டு பேச்சாளர்களும் ஒருவருக்கொருவர் ஜென்ம விரோதி. ஆனால் இரண்டு பேருக்கும் பிடிக்காதவள் அதே கிழவி. பையன் இப்படி அதட்டும்போது, "பரவாயில்லை, தண்ணி, சிகரெட்னு போகாம பக்தியா இருக்கான்" என்று சந்தோஷப்படுகிற அப்பா அம்மாக்கள் நம் ஊரில் நிறைய.

படிக்காத ஏழைப் பிள்ளைதான் இப்படிப் போகும் என்ற நினைப்பும் வேண்டாம். கொழும்பு ஓட்டல்களில் வெடித்தவர்களில் இருவர் பெரிய மசாலா வியாபாரி ஒருவரின் மகன்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். அப்பா கூடவே இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல் 26 ராத்திரி சாய்ந்தமருதுவில் படையினர் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தபோது உள்ளே வெடித்த குண்டில் செத்தவர்களில் ஸஹ்ரானின் அப்பாவும் தம்பிகளும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வீட்டில் அப்பா மகன் பேச்சைக் கேட்டார்.

"அதெல்லாம் அவங்க ஆளுங்க பிரச்சினை, நமக்கென்ன" என்று இந்நேரம் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. அப்படியா? ஈஸ்டர் முடிந்து ஒரு மாதத்துக்குள் அதே இலங்கையில் கும்பல் கிளம்பி மசூதிகளையும் முஸ்லிம் கடைகளையும் நொறுக்கியது. புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் தச்சரை வெட்டிக் கொன்றது. அவர்களுக்கும் போனில் யாரோ ஓதியிருந்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அந்த வெறி சாதி வெறி. அதே வருடம் மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. நம் லைனில் பக்கத்தில் நின்று வேலை பார்த்த வடமாநிலப் பையன்களின் வீட்டிலிருந்தெல்லாம் அழுதுகொண்டே போன் வந்தது. அந்தப் பொய் வீடியோ வழக்கில் கைதான மணீஷ் காஷ்யப் ஒரு யூடியூபர். தினமும் பஸ்ஸில் ராஜீவ் நினைவிடத்தைத் தாண்டிப் போகிற ஊர்க்காரர்கள் நாம். மனித வெடிகுண்டை ஏதோ வெளியூர்ச் சமாச்சாரமாகப் பேசுவது நமக்கே நன்றாயில்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் தன் போனை என் முன்னாலேயே தள்ளிக் காட்டினான். முதல் வீடியோ, தாயை மதிக்க வேண்டும் என்று உருக்கமான பேச்சு. அடுத்தது, வட்டிக்கு வாங்காதே. இரண்டையும் நானே ஸ்டேட்டஸில் வைப்பேன், அவ்வளவு நல்ல பேச்சு. அடுத்தது காஸாவில் இடிந்த வீட்டிலிருந்து தூக்கி வரும் குழந்தை. அதைப் பார்த்து நெஞ்சு பதறாதவன் மனுஷனே இல்லை. அடுத்து ஒரு ஆள் வந்து, "நம்ம ஜமாஅத் பெரியவங்க எல்லாம் தூங்குறாங்க" என்றார். கீழே கமெண்டில் டெலிகிராம் லிங்க். கட்டைவிரல் நாலைந்து தடவைதான் நகர்ந்திருக்கும். லிங்கைத் தொட்ட பிறகு என்ன பேசுகிறார்கள் என்பது டீச்சருக்கும் தெரியாது, பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கும் தெரியாது. 2023 செப்டம்பரில் கோவையிலும் சென்னையிலும் என்ஐஏ சோதனை போட்டது, அரபி வகுப்பு என்ற பேரில் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஆள் சேர்த்தார்கள் என்ற வழக்கில்தான்.

வெளியூர்ப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. திருவண்ணாமலையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் டிப்ளமோ முடித்த பையனை இங்கே ட்ரெய்னியாக அனுப்பிவிட்டு, மாசமானால் பணம் வந்ததா என்று மட்டும் கேட்கிறீர்கள். மாத்தூர், பண்ருட்டி பக்கம் ஒரு ரூமில் எட்டுப் பேர். ஆளுக்கொரு ஷிப்ட், அதனால் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதே அபூர்வம். கான்ட்ராக்ட் முடிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம், சூப்பர்வைசர் திட்டியதில் எரிச்சல், காதில் எந்நேரமும் இயர்போன். "உன் கஷ்டத்துக்குக் காரணம் இவன்தான்" என்று ஒருத்தன் கையைக் காட்டினால் நம்பிவிடுவான். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் பாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பொய் பரவி, ஹைவேயே ஸ்தம்பித்தது. சாவு பொய். சாப்பாடும் ஹாஸ்டலும் மோசம் என்பது பொய் இல்லையே. உண்மையான குறையைக் கேட்க யாரும் இல்லாததால்தான் பொய்க்கு அத்தனை காது கிடைத்தது.

பையன் போனைப் பிடுங்கி உடைக்கிற வீரர்களும் இருக்கிறார்கள். அவன் நண்பன் போனில் பார்ப்பான், அவ்வளவுதான். அதோடு "உன் வீட்டிலேயே உனக்கு எதிரி" என்று அவன் கேட்கிற பேச்சாளர் சொன்னதை நீங்களே நிரூபித்தும் கொடுத்தாயிற்று. சந்தேகம் வந்தால் ஜமாஅத் பெரியவர், சர்ச் ஃபாதர், டீச்சர், அவன் மதிக்கிற மாமா என்று யாரிடமாவது வாயைத் திறங்கள். ஆயுதம், வெடி என்று பேச்சு அடிபட்டால் மானம் போகுமே என்று பார்க்காமல் போலீசிடம் போங்கள். காத்தான்குடி முஸ்லிம்களே ஸஹ்ரான் மேல் போலீசில் புகார் கொடுத்தார்கள். அதிகாரத்தில் இருந்தவர்கள் அசையவில்லை. ஏப்ரல் 4-ஆம் தேதி இந்தியாவிலிருந்து போன எச்சரிக்கையும் வீணாயிற்று. அந்த அலட்சியத்துக்காகத்தான் 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி இலங்கை ரூபாய் நஷ்ட ஈடு கட்டச் சொன்னது.

இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். குடும்ப குரூப்பில் பெரியப்பா போட்ட வெறுப்பு வீடியோவுக்கு நீங்கள் கைகூப்பு எமோஜி போட்டதை உங்கள் பிள்ளை பார்த்திருக்கிறது. அடுத்த குரூப்புக்கு அதைத் தள்ளியதும் நீங்கள்தான். இதற்குப் பிறகு பையனிடம் போய் நியாயம் பேசினால் எடுபடுமா?

வீக்லி ஆஃப் அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கேட்கிற பேச்சை முழுசாகக் கேளுங்கள். நடுவில் திட்டாதீர்கள். முடிந்ததும் தாராளமாகச் சண்டை போடுங்கள். அந்த ஆள் சொல்வதில் எது நிஜம், எது புளுகு என்று வாதாடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, மறுவாரம் தயாராகிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு ஓ.டி.க்குக் கூப்பிட்டால் முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் சொல்கிறோமே.