ஜப்பானியரின் 'ஹை'யை நம்பி எல்.சி. திறக்கலாமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதல் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அன்று தொடக்கம் வரியையும் டொலரையும் பற்றி நாம் பேசாத நாளில்லை. ஆனால், ஜப்பானியர் எழுதும், பேசும் சொற்களுக்கு அவர்களிடத்தில் என்ன பொருள் என்று விசாரிப்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. அந்த வேலையை முகவரிடம் விட்டுவிட்டோம். இது வியாபாரிக்கு அழகல்ல என்பது எனது அபிப்பிராயம்.

'ஷூஃபுகுரெகி நாஷி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'திருத்திய வரலாறு இல்லை' என்பது இதன் நேர்ப்பொருள். நம்மவர்கள் இதை 'அக்சிடன்ட் படாத வாகனம்' என்று மாற்றி விளம்பரமும் போடுகின்றனர். ஜப்பானிய வாகனத் துறையில் இச்சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு. வாகனத்தின் எலும்புக்கூடு எனத்தக்க பகுதிகள், அதாவது சட்டகம், தூண்கள், கூரை, தளம் போன்றவை சேதமடைந்து திருத்தப்பட்டிருந்தால் அல்லது மாற்றப்பட்டிருந்தால் மாத்திரமே அது 'ஷூஃபுகுரெகி'. மோதுண்டு பம்பர், கதவு, பொனட் எல்லாம் மாற்றப்பட்டிருந்தாலும் எலும்புக்கூடு தப்பியிருந்தால் அது 'நாஷி' தான். இதில் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஒக்ஷன் ஷீட்டிலுள்ள வாகனப் படத்தில் மாற்றிய பாகத்தின் மீது இரட்டை எக்ஸ் குறி இருக்கும். நாம்தான் மேலேயுள்ள தரப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். 'அக்சிடன்ட் இல்லை' என்று சொல்லி விற்ற பிறகு, வாங்கியவர் மெக்கானிக்குடன் வாசலில் வந்து நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் ஜப்பானியர் அல்ல.

'கென்ஜோ வதாஷி' என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. 'இருக்கும் நிலையிலேயே கையளிப்பு' என்பது அதன் பொருள். பிறகு குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். நாம் 'ரீகண்டிஷன்' என்று அழைக்கும் வாகனத்துக்கு ஜப்பானில் பெயர் 'சூகோஷா'. நடு, பழைய, வாகனம் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்த சொல் அது. யாரோ கழற்றிப் பூட்டிச் சரிசெய்தார்கள் என்ற கருத்து அதில் துளியும் இல்லை. அந்த நம்பிக்கையை ஊட்டும் பெயரை வைத்தவர்கள் நாமே.

ஆங்கிலம் போல் ஒலிக்கும் ஜப்பானியச் சொற்கள்தான் மிகவும் ஏமாற்றுபவை. 'ஸாபிஸு' என்பது சர்விஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கடைக்காரர் அதைச் சொன்னால் பெரும்பாலும் 'இது இலவசம்' என்று பொருள். 'ஹன்தொரு' என்பது கைப்பிடியல்ல, ஸ்டியரிங். 'குரேமு' என்பது கிளெய்ம் என்ற சொல்தான். அங்கு அதன் பொருள் முறைப்பாடு. நீங்கள் நட்டஈடு கோரி 'கிளெய்ம்' என்று எழுதினால், மறுபுறத்தில் ஒரு வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார் என்று விளங்கிக்கொண்டு, பணிவாக மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்புவார்கள். அந்த மன்னிப்பு பணம் தருவதற்கான சம்மதம் அல்ல. பணம் திரும்ப வேண்டுமென்றால் 'ஹென்கின்' என்ற சொல்லைத் தொகையுடன் எழுதிக் கேட்க வேண்டும். ஏல நிலையங்களில் முறைப்பாட்டுக்கான கால எல்லை நாட்கணக்கில்தான் இருக்கும். மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்து மகிழ்ந்திருக்கும்போதே அது முடிந்துவிடலாம்.

இனி மரியாதைச் சொற்கள். 'ஹை' என்றால் 'ஆம்' என்று அகராதி சொல்லும். பேச்சின் நடுவே வரும் 'ஹை'க்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்' என்பதே பொருள். நாம் தொலைபேசியில் 'ம்... ம்...' என்பதில்லையா, அதுபோலத்தான். 'முஸுகஷீ' என்றால் 'கடினம்'. எனக்குத் தெரிந்த இரத்தினக்கல் வியாபாரி ஒருவர், வந்தவர் 'முஸுகஷீ' என்றதும் விலைதான் கடினம் என நினைத்து மூன்று முறை இறக்கினார். மனிதர் முதல் தடவையே 'வேண்டாம்' என்றுதான் சொல்லியிருந்தார். 'கென்தோ ஷிமஸ்', அதாவது 'பரிசீலிக்கிறோம்' என்பதும் பல வேளைகளில் கதவைச் சத்தமின்றிச் சாத்துவதுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1969 நவம்பரில் வாஷிங்டனில் ஜனாதிபதி நிக்சன், ஜப்பானியத் துணி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துமாறு பிரதமர் ஸதோவைக் கேட்டார். ஸதோ 'ஸென்ஷோ ஷிமஸ்', 'தக்கவாறு கவனிக்கிறேன்' என்றதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் சொன்ன சொல் எது என்பதில் சர்ச்சை உண்டு. ஆனால் அமெரிக்கத் தரப்பு அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டது, காரியம் நடக்காததால் நிக்சன் ஆத்திரமடைந்தார், உடன்பாடு 1971இல்தான் கைச்சாத்தானது.

அதற்காக எல்லாப் 'பரிசீலனை'யும் மறுப்பென்று முடிவுகட்டுவதும் தவறு. ஜப்பானிய நிறுவனங்களில் ஒருவர் தனியாக முடிவெடுப்பது அரிது. 'நெமவாஷி' என்பார்கள். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதைக் குறிக்கும் தோட்டக்காரரின் சொல் அது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி இணங்க வைப்பதற்கு அதையே பயன்படுத்துகின்றனர். அதற்குக் காலம் எடுக்கும். வித்தியாசத்தை எப்படி அறிவது? உண்மையாகப் பரிசீலிப்பவர் மாதிரி கேட்பார், அளவு கேட்பார், எத்திகதியில் கப்பலேற்றலாம் என்று கேட்பார். ஒன்றும் கேட்காமல் தலைவணங்கிச் செல்பவருக்காக எல்.சி. திறக்க வங்கிக்கு ஓட வேண்டியதில்லை.

நமது நாட்டில் ஜப்பானிய மொழி உயர்தரப் பரீட்சைக்கே ஒரு பாடம். களனிப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படுகிறது. ஜப்பானில் தொழில் செய்து திரும்பிய இளைஞர்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றனர். வர்த்தக சங்கங்கள் இராப்போசன விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைக் கொண்டு இவர்களை அழைத்து வாரம் ஒரு மாலை வகுப்பு நடத்தலாம். முழு மொழியும் வேண்டாம். ஐம்பது சொல்லும், இரண்டு மூன்று பழைய ஒக்ஷன் ஷீட்டும் போதும்.