இன்ஹேலர் பழகிடுமாம், ஊசி பழகாதாமாம்!

எங்க ஏரியாவுல ஒருத்தர் கையில இன்ஹேலரைப் பார்த்துட்டா போதும், சுத்தி நிக்கிற நாலு பேர் முகம் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிடும். "அய்யய்யோ, இதுக்கே வந்துட்டாரா? தொட்டா அப்புறம் விடவே முடியாதே!" இதே நாலு பேர், இரைக்குதுன்னு மாசத்துக்கு ரெண்டு தடவை தெருமுனை கிளினிக்குல போய் ஊசி போட்டுக்கிட்டு, "ஒரே ஊசி, கப்புனு நின்னுடுச்சு, கைராசிக்கார டாக்டர்பா"ன்னு பெருமையா சொல்லுவாங்க. ஊசி பழகாதாம். இன்ஹேலர்தான் பழகிடுமாம். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போய்த்தான் இந்தப் பதிவு.

டிஸ்கியை முன்னாடியே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். பொறந்து வளர்ந்தது வண்ணாரப்பேட்டை. அப்பா துறைமுகத்துல வேலை பார்த்தவர், இப்போ சி.ஓ.பி.டி. நோயாளி. மருந்தைக் கூட்டுறது, குறைக்கிறது, நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டர் கிட்ட பேச வேண்டிய சமாச்சாரம்.

சி.ஓ.பி.டி.ன்னா மூச்சுக்குழாய்கள் வருஷக்கணக்கில் புண்பட்டு, சுருங்கி, காற்று உள்ளே போனால் முழுசா வெளியே வராமல் தங்கிப்போகும் நோய். ஆஸ்துமாவுக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்லை. ஆஸ்துமாவில் அடைப்பு பெரும்பாலும் திரும்பச் சரியாகும். இதில் போன நுரையீரல் போனதுதான். பீடி சிகரெட் ஆசாமிகளுக்கு மட்டும் வர்றதும் இல்லை. விறகு அடுப்புப் புகை, வேலையிடத் தூசி, ஊர்க் காற்று எல்லாத்துக்கும் பங்கு உண்டு. எங்கப்பா வாழ்க்கையில பீடியைத் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் நிலக்கரித் தூசிதான். இந்தியாவில் 1990இல் சுமார் 2.8 கோடிப் பேருக்கு இருந்த இந்த நோய் 2016இல் 5.5 கோடிப் பேருக்கு இருந்ததாக 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொல்லுது. மக்கள்தொகை பெருகினதும், வயசானவங்க கூடினதும் அதுல சேர்ந்திருக்கு. இருந்தாலும் சின்ன நம்பரா இது?

சரி, "பழகிடும்" விஷயத்துக்கு வருவோம். மூக்குக்கண்ணாடி போட்டா பழகிடும்னு யாராவது குருட்டுத்தனமா ரோடு கிராஸ் பண்றாங்களா? சர்க்கரை மாத்திரையை இருபது வருஷமா முழுங்குற எங்க பெரியம்மாவை யாரும் மாத்திரைக்கு அடிமைன்னு சொன்னதில்லை. நோய் ஆயுசுக்கும் இருக்கு, அதனால மருந்தும் ஆயுசுக்கும் இருக்கு. இதுல போதை எங்கேர்ந்து வந்துச்சு?

நம்ம ஜாதிக்காரங்களுக்கு (கோடு எழுதுறவங்களைச் சொல்றேன், வேற அர்த்தம் எடுத்துக்கிட்டு பின்னூட்டத்துல கும்மாதீங்க) புரியற மாதிரி சொல்லணும்னா, மாத்திரையும் ஊசியும் குளோபல் வேரியபிள். நெஞ்சுல இருக்கிற பிரச்சினைக்கு உடம்பு முழுக்கக் கை வைக்கும். இன்ஹேலர் லோக்கல். சால்பூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை போட்டுட்டு கை நடுங்குது, நெஞ்சு படபடங்குதுன்னு சொல்றவங்க, நாற்பதில் ஒரு பங்கை நேரா குழாய்க்கே அனுப்புறதைப் பார்த்து பயப்படறாங்க. கேட்டா "ஸ்டீராய்டு இருக்காம்ல"ன்னு ஒரு கேள்வி. ஆமாம், தினமும் எடுக்கிற பல இன்ஹேலர்களில் இருக்கு, மைக்ரோகிராம் கணக்குல. நீங்க "கப்புனு நின்னுடுச்சு"ன்னு புகழ்ந்தீங்களே, அந்த ஊசியில பல நேரம் என்ன இருந்துச்சுன்னு நினைச்சீங்க? அதுவும் ஸ்டீராய்டுதான், மில்லிகிராம் கணக்குல. நோய் திடீர்னு முத்தும்போது அதை நாலஞ்சு நாள் கொடுக்கிறது சரியான வைத்தியம். மாசாமாசம் அதுலயே வண்டி ஓட்டினா எலும்பு, சர்க்கரை, கண்ணுன்னு ஒவ்வொண்ணா பில் வரும்.

இது புதுசா வந்த கார்ப்பரேட் சதியும் இல்லைங்க. அமெரிக்காவுல ரைக்கர் கம்பெனியில இருந்த ஜார்ஜ் மெய்சனோட ஆஸ்துமாக்காரப் பொண்ணு, "சென்ட் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஏன் அடிக்க முடியாது?"ங்கிற மாதிரி கேட்டதுல கிளம்பின வேலை, 1956லேயே கடைக்கு வந்துடுச்சு.

ஆனா இந்தப் பதிவோட பாதிக் கோபம் பக்கத்து வீட்டுக்காரங்க மேல இல்லை. இன்ஹேலர்னு சீட்டுல எழுதிட்டு "நெக்ஸ்ட்"னு மணி அடிக்கிறாங்களே, அவங்க மேல. அப்பாவுக்கு முதல்ல எழுதிக் கொடுத்த தனியார் மருத்துவமனையில (பேர் வேணாம்) ரெண்டு நிமிஷம் கூட ஆகலை. காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு, அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப் பையன் டப்பாவைக் கவர்ல போட்டுக் கொடுத்தான். உள்ளே இருந்த காகிதம் எறும்பு சைஸ் இங்கிலீஷ். அப்பா என்ன செஞ்சார்? வாயைத் திறந்து நாக்குல அடிச்சு, எச்சிலோட முழுங்கினார். மூணு மாசம். "மருந்து வேலை செய்யல"ன்னு டோஸை ஏத்திக் கொடுத்தாங்களே தவிர, "எங்க பெரியவரே, எப்படி அடிக்கிறீங்க காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்கலை.

பஃப் வகை இன்ஹேலர் சரியா எடுத்தாலே மருந்துல பத்து இருபது சதவீதம்தான் நுரையீரலுக்குப் போகும். மிச்சம் தொண்டையில ஒட்டிக்கும். தப்பா எடுத்தா சுத்தமா ஒண்ணும் போகாது. நல்லா குலுக்கணும். மூச்சை முழுக்க வெளியே விடணும், டப்பாவுக்குள்ள இல்லை, வெளியே. உதட்டால இறுக்கிக் கவ்வி, மெதுவா ஆழமா இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு அமுக்கு. இழுத்து முடிச்சு பத்து எண்ணுற வரைக்கும் மூச்சைப் பிடிக்கணும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது விட்டு மறுபடி குலுக்கணும். வாயிலேர்ந்தும் மூக்குலேர்ந்தும் புகை மாதிரி வெளியே வந்தா அந்த மருந்து காத்துக்குப் போச்சு. இந்தக் கை-மூச்சு ஒத்துழைப்பு வயசானவங்களுக்கு வராது, வரலைன்னு திட்டியும் பிரயோஜனம் இல்லை. அதுக்குத்தான் ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குடுவை இருக்கு. அதைக் கேட்டு வாங்குங்க. சோப்புத் தண்ணியில முக்கி எடுத்துத் தானா காய விடணும்; துணியால தேய்ச்சா உள்ளே மின்னேற்றம் வந்து மருந்து சுவத்துல ஒட்டிக்கும்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கிற பவுடர் வகைக்கு விதி தலைகீழ்: வேகமா, பலமா இழுக்கணும். கேப்ஸ்யூலை முழுங்கக் கூடாது (சிரிக்காதீங்க, முழுங்குறவங்க இருக்காங்க). நம்ம கடலோர ஈரக்காத்துல பவுடர் கட்டி தட்டிடும், அதனால போடும்போதுதான் கேப்ஸ்யூலை வெளியே எடுக்கணும்.

முக்கியமா, ஸ்டீராய்டு இருக்கிற எதை எடுத்தாலும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பணும். இல்லைன்னா வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா பூஞ்சை வரும், குரல் கம்மிடும். அப்புறம் "பார்த்தியா, இன்ஹேலர் வேலையைக் காட்டிடுச்சு"ன்னு அதே நாலு பேர் ஆஜராயிடுவாங்க. தினசரி டப்பா வேற, அவசர டப்பா வேற. நிறத்தை நம்பாம பேரைப் படிங்க. தினசரி மருந்துல உடனே பெருசா ஒண்ணும் தெரியாது, தெரியலைன்னு நிறுத்தவும் கூடாது. அவசர டப்பா மட்டும் போதும்னு நினைக்கிற ஆஸ்துமாக்காரங்களுக்கு: அந்த மாதிரி ஓட்டுறது ஆபத்துன்னு 2019லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா சொல்லிடுச்சு.

இன்ஹேலர் புனிதப் பசுன்னு நான் சொல்லலை. சி.ஓ.பி.டி.காரங்களுக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரால நிமோனியா கூடுது. 2007இல் வந்த டார்ச் ஆய்வில் மூணு வருஷத்துல மருந்தில்லாத குழுவில் சுமார் 12 சதவீதம், கலவை மருந்துக் குழுவில் சுமார் 20 சதவீதம். அதே ஆய்வுல நோய் திடீர்னு முத்துற தடவைகள் கால்வாசி குறைஞ்சது. ரெண்டும் உண்மை. அதனாலதான் யாருக்கு ஸ்டீராய்டு வேணும், யாருக்கு வேணாம்னு ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து முடிவு பண்ணணும். காய்ச்சலோட மஞ்சளா பச்சையா சளி வந்தா வீட்ல உட்கார்ந்து கஷாயம் காய்ச்சக் கூடாது. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை, உதடு நீலமாகுதுன்னா 108.

கஷாயம்னதும் இயற்கை வைத்திய நண்பர்கள் ஞாபகம் வருது. தூதுவளை ரசம் நானும் குடிப்பேன், நல்லா இருக்கும். ஜூன் மாசம் ஐதராபாத்துல உயிர் மீனுக்குள்ள மருந்து வெச்சு முழுங்கவும் கூட்டம் போகுது. போறவங்க போகட்டும், கிளம்புறதுக்கு முன்னாடி இன்ஹேலரைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லாதீங்க.

இன்னொரு கோஷ்டி, இவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. "காத்தைக் கெடுத்தவனை விட்டுட்டு, மூச்சு விடுறவன் கையில டப்பாவைக் கொடுக்கிறீங்களே"ன்னு கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். 2011இல் உயர் நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாதுன்னு உத்தரவு போட்டப்போ ராயபுரத்துக்காரங்க பெருமூச்சு விட்டாங்க. கரி எங்கே போச்சு? எண்ணூர்த் துறைமுகத்துக்கு. அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கனவே அங்கேதான் இருந்துச்சு. 2023 டிசம்பர்ல முதல்ல வெள்ளத்தோட எண்ணெய், அடுத்து 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல உரத் தொழிற்சாலைக் குழாயிலேர்ந்து அமோனியா. கேஸ் போடுங்க, மறியல் பண்ணுங்க, நானும் வரேன். ஆனா தீர்ப்பு வந்து காத்து சுத்தமாகிற வரைக்கும் எண்ணூர்ல இருக்கிறவர் மூச்சு விட்டாகணும். சுத்தமான பிறகும், போன நுரையீரல் முளைக்காது.

புடெசொனைடு-ஃபார்மோடெரால் இன்ஹேலர் 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே இருக்கு. பட்டியல்ல இருந்தா மட்டும் நெஞ்சுக்குள்ள போயிடாது. காசைப் பார்த்து ரெண்டு வேளையை ஒரு வேளையாக்கிறவங்களை எங்க தெருவுலயே எனக்குத் தெரியும். தனியார்ல கட்டுப்படியாகாதவங்க ஸ்டான்லியில நெஞ்சகநோய் பிரிவுல கேளுங்க. 120 பஃப் டப்பா, நாளைக்கு நாலு வீதம் சரியா 30 நாள்; எண்ணிக்கை காட்டாத டப்பான்னா ஆரம்பிச்ச தேதியை மேலேயே பேனாவால எழுதி வெச்சுடுங்க. தண்ணியில மிதக்குதான்னு பார்த்தெல்லாம் மிச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த தடவை டாக்டர் கிட்ட போகும்போது டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போய், அவர் முன்னாடியே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க. வெளியில கூட்டம் நிக்குதுன்னு அவர் மணியைத் தொட்டா, நீங்க எந்திரிக்காதீங்க.