புகைப்படம் கணக்காகாது

வெள்ளம் வந்தாலும் நோன்பு வந்தாலும் உலருணவுப் பொதி வழங்கும் படங்கள் நம் கைப்பேசிகளை நிறைக்கின்றன. சேர்ந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற விபரம்தான் அரிதாக வருகிறது.

இதன் விளைவுக்கு அச்சுவேலி முதல் யாழ்ப்பாணம் வரை எல்லோரும் அறிந்த ஒரு பெயரே உதாரணம்: தமிழர் புனர்வாழ்வுக் கழகம். பிரித்தானியாவில் அப்பெயரில் பதிவாகியிருந்த தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர்களால், நிதி எப்படிச் செலவானது என்பதற்குத் திருப்தியான கணக்குக் காட்ட முடியவில்லை என அந்நாட்டு அறக்கொடை ஆணைக்குழு கண்டது. 2005இல் அதன் பதிவு நீக்கப்பட்டது. 2006இல் இலங்கையிலிருந்த கழகத்தின் வங்கிக் கணக்குகளை மத்திய வங்கி முடக்கியது. அகதிக்கென்று கொடுத்தவரின் பணமும் அதில் அகப்பட்டது.

தொண்டு நிறுவனங்கள் பற்றிய 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1998இல் வந்த திருத்தம், மோசடிச் சந்தேகம் எழுந்தால் இடைக்கால நிர்வாக சபை நியமிக்க இடமளிக்கிறது. நாம் கேட்காத கேள்வியை அரசு கேட்கும். அப்போது அது நம் நன்மையை மட்டும் எண்ணிக் கேட்காது.

கடனையே எழுதி வைத்து, சாட்சியும் வைக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (2:282). ஸகாத்தும் ஸதகாவும் அமானிதம்; அதற்கு வாய்ப்பேச்சு போதுமா?

அடுத்த முறை பற்றுச்சீட்டு வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். காசோலையில் ஒப்பமிடும் இருவரும் ஒரே குடும்பமா? வெளியார் கடைசியாகக் கணக்காய்வு செய்தது எப்போது? செலவை அங்கீகரித்த கூட்டக் குறிப்பைப் பார்க்கலாமா? நேர்மையான பொருளாளர் கோபிக்க மாட்டார். நாளை பழி வந்தால் அவரைக் காப்பதும் அந்தக் காகிதங்கள்தான்.