நூறு நாள் கடன்



சென்ற மாதம் ஒரு மாலை அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்து எழுந்தபோது, சகோதரி ஒருவர் தயங்கியபடியே ஒரு சிறு அட்டையை என்னிடம் நீட்டினார். தண்டல் அட்டை. நூறு கட்டங்கள், அறுபத்திரண்டில் வசூல்காரரின் கையெழுத்து விழுந்திருந்தது. மகளின் புதுநன்மைச் செலவுக்காகக் கீழப்பழுவூர்க் கடைத்தெருவில் வாங்கிய பத்தாயிரம் ரூபாய்க் கடன் அது. "நூற்றுக்குப் பதினைந்துதான் வட்டி என்கிறார்கள், ஐயா. சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தோம். பத்தாயிரம் என்று பெயரேயன்றி அவர் கைக்கு வந்தது 8,500 ரூபாய்தான். 1,500 ரூபாயை முதல் நாளே வட்டியென்று பிடித்துக்கொண்டனர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். எண்ணாயிரத்து ஐந்நூறுக்கு ஆயிரத்து ஐந்நூறு வட்டி என்றால் பெரும் பாவமாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் அவர் கையில் இருந்ததா? இரண்டாம் நாளிலிருந்தே திரும்பிப் போகத் தொடங்கிவிட்டது. ஐம்பதாம் நாள் 5,000 ரூபாய் கொடுத்தவர் பைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. சராசரியாகப் பார்த்தால், அவர் கையில் இருந்தது நான்காயிரத்துச் சொச்சந்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி! மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய், ஆண்டுக்கு நூற்றிருபது.

நம் பக்கத்தில் 'பத்து வட்டி' என்று ஒருவர் சொன்னால் கேட்டவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு விலகிப் போவார். அதே பத்து வட்டி, தண்டல் என்ற பெயரில், நாளுக்கு நூறு ரூபாய் என்று சிறு துண்டுகளாக வந்தால் வாசலில் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறோம். தவணை சிறிது, காலமும் குறுகியது. இந்த இரண்டும் சேர்ந்து வட்டியை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன.

இதை எழுதும்போது நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பஞ்சகாலத்தில் தானியத்துக்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்த ஏழைகள், தங்கள் பிள்ளைகளே அடிமைகளாகிறார்கள் என்று கதறுகின்றனர். நெகேமியா கோபமுற்றுச் செல்வரைக் கூட்டி, நிலங்களையும், வாங்கிய நூற்றில் ஒரு பங்கையும் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். அதை மாத வட்டி என்றே விரிவுரையாளர் பலர் கொள்வர். நம் பேச்சில் சொன்னால் 'ஒரு வட்டி'! இறைவாக்கினருக்கு ஒப்பான அந்த மனிதரைச் சினங்கொள்ளச் செய்த வட்டி, இன்று நம் ஊரில் கிடைத்தால் தருமம் என்போம். பழுவேட்டரையர் ஆண்ட பழுவூர் மண் இது. அவர்கள் காலத்துச் சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலின் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்தபோது, காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்று கல்லில் வெட்டினர். நூற்றுக்குப் பன்னிரண்டரை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டுச் சிறையும் முப்பதாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. கடன்பட்டவர், அரசு குறித்த வட்டியோடு பணத்தை நீதிமன்றத்தில் கட்டிக் கணக்கை முடிக்கவும் வழி செய்திருக்கிறது. எனினும் 2017 அக்டோபர் 23-ஆம் நாள், பலமுறை மனுக் கொடுத்தும் பயனின்றிப் போன ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்கிரையானதை நாம் மறந்துவிடவில்லை. சட்டப் புத்தகத்துக்கும் வசூல்காரர் மிதிவண்டி நிற்கும் வாசலுக்கும் இடையே நெடுந்தூரம்.

அச்சகோதரியின் கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். சம்பளம் மாதக் கடைசியில், தண்டலோ நாள்தோறும். இடையில் தவணை தவறினால், எழுபதாம் நாள் கொடுத்தவரே வந்து, "புது அட்டை போட்டுக்கொள்ளம்மா" என்பார். பழைய பாக்கி 3,000, புது வட்டி 1,500 போகக் கைக்கு வருவது 5,500. பழைய பாக்கிக்கும் மறுபடி வட்டி விழுந்ததை யாரும் கவனிப்பதில்லை. மகளிர் குழுக் கடனின் வாரத் தவணைக்குத் தண்டலும், தண்டலுக்குக் கைப்பேசிச் செயலிக் கடனும் வாங்கும் வீடுகளை நான் அறிவேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கலாமே என்று அறிவுரை சொல்வது எளிது. 1904-இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் தொடங்கிய இயக்கம் அது. பயிர்க்கடனைத் தவணையில் செலுத்தினால் இன்று வட்டியே இல்லை. ஆனால் அதற்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். நிலமில்லாத லாரி ஓட்டுநரின் மகளுக்கு வெள்ளைப் பாவாடை தைக்க எந்தச் சங்கம் பயிர்க்கடன் தரும்?

அந்த வெள்ளைப் பாவாடையில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புதுநன்மைக்கு விருந்து, திருவிழாத் தலைக்கட்டு வரி, கூட்டுப் பூசைக்குப் புதுச்சேலை என்று கட்டாயங்களை அடுக்கியவர் வட்டிக்காரர் அல்லர். ஆண்டவரின் திருவுடலை முதன்முறை உட்கொள்ளும் பிள்ளைக்கு ஐம்பது பேருக்குப் பிரியாணி தேவையென்று எந்த ஞானோபதேசத்திலும் இல்லை. நானும் அந்த விருந்தில் சாப்பிட்டவன்தான்.

சோட்டா நாக்பூரில் வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடி மக்களுக்கு, செருமானிய சேசு சபைக் குரு ஓப்மான் அடிகளார் உபதேசம் மட்டும் செய்துவிட்டு நிற்கவில்லை. 1909-இல் இராஞ்சியில் கத்தோலிக்க மிஷன் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். ஏழைகளின் சிறு சேமிப்பே முதலாக, ஒருவரையொருவர் அறிந்தவர்களே பிணையாக நடந்த சங்கம் அது. நம் அன்பியத்திலும் பதினெட்டுக் குடும்பங்கள் உள்ளன. ஒவ்வொருவரையும் ஒவ்வொருவருக்கும் தெரியும். குடும்பத்துக்கு மாதம் இருநூறு ரூபாய் வீதம் போட்டாலும் மூன்று மாதத்தில் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய் சேர்ந்துவிடும். பங்குத் தந்தையிடம் பேசியிருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி வருவதாக ஒருவர் ஏற்றிருக்கிறார்.

அச்சகோதரியிடம் கணக்கைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் அட்டையை வாங்கிச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறதே, ஐயா" என்றார்.