பீம்சிங் நம்மை ஏன் அழ வைத்தார்?

தமிழ்ப் பட உலகில் "ப" என்ற எழுத்தைச் சொன்னால் ஒரு டைரக்டரின் பெயர் நினைவுக்கு வரும். அவர்தான் ஏ. பீம்சிங்.

"பதிபக்தி", "பாகப்பிரிவினை", "படிக்காத மேதை", "பாவமன்னிப்பு", "பாசமலர்", "பாலும் பழமும்", "பார்த்தால் பசி தீரும்", "படித்தால் மட்டும் போதுமா", "பார் மகளே பார்", "பச்சை விளக்கு", "பழனி"...

எல்லாம் "ப"வில் தொடங்கும் பெயர்கள். எல்லாவற்றிலும் சிவாஜி கணேசன் நடித்தார். 1958-ல் தொடங்கிய இந்த வரிசை 1965 வரை நீண்டது. தாய்மார்கள் குழந்தை குட்டிகளோடு கொட்டகைக்கு வந்து பார்த்த படங்கள் இவை.

இந்தப் படங்களைப் பற்றி இன்று சிலர் கேலி பேசுகிறார்கள். "எல்லாம் அழுமூஞ்சிப் படங்கள், ஜனங்களை அழ வைத்தே காசு பார்த்தார்கள்" என்கிறார்கள்.

இந்தக் கேலி நியாயமானது அல்ல. பீம்சிங் அழ வைத்தார் என்பது உண்மை. ஆனால் யாருக்காக அழ வைத்தார் என்று பார்க்க வேண்டாமா?

உதவியாளர் டைரக்டர் ஆனார்

பீம்சிங் 1924-ல் பிறந்தவர். இரட்டை டைரக்டர்களான கிருஷ்ணன்-பஞ்சுவிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டிங் வேலையும் அவருக்குக் கைவந்த கலை.

1954-ல் "அம்மையப்பன்" படத்தின் மூலம் டைரக்டர் ஆனார். அந்தப் படம் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தரவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. ஏழே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1961-ல் மட்டும் "பாவமன்னிப்பு", "பாசமலர்", "பாலும் பழமும்" என்று 3 படங்கள் வெளிவந்தன. மூன்றும் வெற்றி!

"பாகப்பிரிவினை"யை "கான்தான்" என்றும், "பாசமலர்" கதையை "ராக்கி" என்றும் இந்தியிலும் அவரே எடுத்தார். மொழி மாறினாலும் குடும்பத்தின் கவலை ஒன்றுதானே!

வீட்டில் கடைசி ஆள் யார்?

அவருடைய கதைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு விஷயம் தெரியும்.

"பாகப்பிரிவினை"யின் கண்ணையன் யார்? சிறு வயதில் மின்சாரம் தாக்கி ஊனமுற்றவன். ஆனால் கூட்டுக் குடும்பம் உடையும்போது, உடைந்ததை ஒட்ட வைக்கத் துடிப்பவன் அவன்தான்.

"படிக்காத மேதை"யின் ரங்கன் யார்? எழுதப் படிக்கத் தெரியாதவன். பெரிய வீட்டில் அண்டி வளர்ந்தவன். அந்த வீட்டுக்குக் கஷ்டகாலம் வருகிறது. பெற்ற பிள்ளைகள் கணக்குப் பார்க்கிறார்கள். ரங்கன் கணக்குப் பார்க்கவில்லை. கணக்கு அவனுக்குத் தெரியாது. நன்றி மட்டும்தான் தெரியும்.

1960-ல் வந்த "களத்தூர் கண்ணம்மா"வில் பெற்றோர் யாரென்று தெரியாமல் அநாதை விடுதியில் வளரும் ஒரு சிறுவன். அந்தச் சிறுவனாக நடித்த கமல்ஹாசனுக்கு அதுதான் முதல் படம்.

ஊனமுற்றவன், படிக்காதவன், அநாதை. வீட்டிலும் ஊரிலும் கடைசி வரிசையில் நிற்பவர்கள் இவர்கள். பீம்சிங் இவர்களைப் படத்தின் முதல் வரிசையில் நிறுத்தினார். "இவனை நீ எப்படி நடத்துகிறாய்? அதை வைத்துத்தான் உன் குடும்பத்தின் தரத்தைச் சொல்வேன்" என்பதுதான் அவர் படங்கள் சொன்ன செய்தி. நம் கண்ணீர் அவர்களுக்காக வந்த கண்ணீர். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு குறையும் உண்டு

அவர் படங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"பாலும் பழமும்" கதாநாயகிக்குக் காசநோய் வருகிறது. கணவனின் ஆராய்ச்சி கெடக் கூடாது என்று அவள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். கணவன் வேறொருத்தியை மணக்கிறான். முதல் மனைவி நர்சாகத் திரும்பி வந்து, தன்னை யாரென்று சொல்லாமல், பார்வை இழந்த கணவனுக்குப் பணிவிடை செய்கிறாள்!

தியாகம் பெரியதுதான். ஆனால் எத்தனை தியாகத்தைத்தான் ஒரு பெண் தலையில் ஏற்றுவது? பெண் பொறுத்துக்கொண்டால் குடும்பம் தழைக்கும் என்ற எண்ணத்தை அந்தக் காலப் படங்கள் வளர்த்தன. பீம்சிங் படங்களும் அதற்கு விலக்கல்ல.

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

கங்கா கேட்ட கேள்வி

1977-ல் பீம்சிங் "சில நேரங்களில் சில மனிதர்கள்" படத்தை எடுத்தார். ஜெயகாந்தன் நாவல். திரைக்கதை, வசனமும் ஜெயகாந்தனே. அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்திருந்தது.

கதை இதுதான். கங்கா கல்லூரி மாணவி. ஒரு மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். அவள் அழுதுகொண்டே வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அலறுகிறாள். அக்கம் பக்கம் கூடிவிடுகிறது. அண்ணன் அவளை வீட்டைவிட்டு விரட்டுகிறான்.

"பாசமலர்" எடுத்த அதே டைரக்டர்! தங்கைக்காக உயிரையே விடும் அண்ணனைக் காட்டியவர், 16 ஆண்டுகள் கழித்து, தங்கையை விரட்டும் அண்ணனைக் காட்டினார்.

இங்கே அவர் பெண்ணைப் பார்த்து "பொறுத்துக்கொள்" என்று சொல்லவில்லை. குடும்பத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

மறு ஆண்டு, 1978 ஜனவரியில், பீம்சிங் காலமானார். அவருக்கு வயது 53.

நம் வீட்டில் எப்படி?

கண்ணையனும் ரங்கனும் கங்காவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூவரும் கேட்பது ஒன்றுதான்: "நான் சரியாக இல்லாத நேரத்திலும் நான் உங்கள் பிள்ளைதானே?"

கூட்டுக் குடும்பங்கள் இன்று குறைந்துவிட்டன. ஆனால் அந்தக் கேள்வி குறையவில்லை. பரீட்சையில் தோற்ற பையன் இருக்கிறான். நோயில் விழுந்த தாத்தா இருக்கிறார். வெளியே யாரோ செய்த கொடுமையை வீட்டில் வந்து சொல்லப் பயப்படும் பெண் இருக்கிறாள்.

அந்தப் பெண் ஒருநாள் வாய் திறந்தால், நாம் அலறப் போகிறோமா, அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறோமா?

பெற்றோர்களே! பீம்சிங் படங்களை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கண்ணீர் வந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டில் கடைசி வரிசையில் நிற்பவர் யார் என்று பார்த்து, அவரை அருகில் அழைத்து உட்கார வையுங்கள்.