கழுத்தில் நான்கு அரிசிமணிகள்



"எனக்குச் சின்ன வயசில கழுத்துக்குக் கரண்ட் பிடிச்சவை. இப்ப எலும்பெல்லாம் நோகுது. இரண்டுக்கும் தொடர்பிருக்குமோ?" தாழ்வுபாட்டில் ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி இது. இருக்கலாம் என்பதே பதில். ஏன் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

எமது கழுத்தில், தைரொயிட் சுரப்பியின் பின்பக்கத்தில், அரிசிமணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. இவை பராதைரொயிட் சுரப்பிகள். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இவை ஹோமோனைச் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்துக் கொடுக்கும். போதியளவு வந்ததும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

கழுத்தில் கதிர் பட்ட சிலருக்குப் பல ஆண்டுகளின் பின் இவற்றில் ஒன்று பருத்து, நிறுத்தாமல் சுரக்கத் தொடங்குகிறது. அப்போது எலும்பு மெலிகிறது. இரத்தத்தில் கல்சியம் கூடுகிறது. சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம். இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.

இதை உலகம் துன்பப்பட்டே அறிந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ரொன்சில் வீக்கத்துக்காகச் சிறுவர்களின் கழுத்தில் கதிர் பாய்ச்சினார்கள். அவர்களிற் சிலருக்கு 20, 30, 40 ஆண்டுகளின் பின் இந்நோய் வந்தது. ஹிரோஷிமாவில் 1945இல் அணுகுண்டுக்குத் தப்பியவர்களையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஏனையோரையும் சேர்த்து, ஏறத்தாழ 4,000 பேரை 1986 முதல் 1988 வரை பரிசோதித்தார்கள். 19 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் 16 பேர் பெண்கள். கூடிய கதிர் பட்டவர்களிடமும், இளவயதில் பட்டவர்களிடமும் தாக்கம் அதிகமாகக் காணப்பட்டது.

செல் துண்டு பார்க்க எக்ஸ்றே எடுத்த சகோதரிகள் இதை வாசித்துப் பயப்பட வேண்டாம். ஒரு நெஞ்சு எக்ஸ்றேயில் படுவது, சில நாட்களில் இயற்கையாகவே எம்மீது படும் கதிரின் அளவுதான். நான் சொல்வது தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி. அவர்களும் அந்தச் சிகிச்சையை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. உயிரைக் காத்தது அதுதான். இப்போது மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ சிகிச்சை பெறுபவர்கள் இதற்குப் பயந்து இடைநடுவில் நிறுத்தவும் கூடாது.

எமக்குள்ள சிக்கல் வேறு. நோய் வர 30 ஆண்டுகள் எடுக்கும். அந்த 30 ஆண்டுகளில் நாம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம்! 1990இல் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் கிளினிக் கொப்பியையா கொண்டுபோனார்கள்? உங்களுக்குச் சிகிச்சை நடந்தது என்பதைச் சொல்ல இன்று கடதாசி இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்காவிட்டாலும், "எனக்கு இன்ன வயதில் கழுத்தில் கதிர்ச் சிகிச்சை நடந்தது" என்று சொல்லுங்கள். தாய் உயிருடன் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.

இதன் அறிகுறிகள் எலும்பு நோவு, இலேசான விழுகையிலும் எலும்பு முறிதல், சிறுநீரகக் கல், அடிக்கடி தாகம், அடிக்கடி சலம் போதல், மலச்சிக்கல், தீராத களைப்பு, மறதி, மனச்சோர்வு. கணவரையோ பிள்ளையையோ இழந்த பெண் களைப்பென்றும் மறதியென்றும் சொன்னால், "யோசனை கூடிப்போச்சு" என்று ஊர் சொல்லும். அவளும் அப்படியே நம்பிவிடுவாள். எமது துயரம் உண்மையானது. ஆனால் எல்லா நோவையும் துயரத்தின் தலையில் கட்டிவிட்டால், மாற்றக்கூடிய வருத்தமும் மறைந்து போகும்.

முதலிற் செய்ய வேண்டியது இரத்தத்தில் கல்சியத்தின் அளவைப் பார்ப்பது. அது கூடியிருந்தால் பராதைரொயிட் ஹோமோனையும் பார்ப்பார்கள். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் விபரத்தைச் சொன்னால் தேவையான இடத்துக்கு அனுப்புவார்கள். நோய் உறுதியானால், பருத்த சுரப்பியைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

அதுவரை இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். எலும்பு நோகுதென்று பாமசியில் நீங்களாகவே கல்சியம் குளிசை வாங்கி விழுங்காதீர்கள். இந்நோய் இருந்தால் அது கேடு செய்யலாம். ஆனால் நெத்தலியையும் கீரையையும் பாலையும் விலக்க வேண்டாம். மற்றது, வெயிலில் கருவாடு காயவிடும்போது தண்ணீர் குடிக்க மறவாதீர்கள்.

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர் அவர்களிலும் இருக்கக்கூடும்.